ஆயில் குறையுதா? இன்ஜினைப் பிரிக்கும் முன் இந்தச் சின்ன வால்வைத் தேடுங்க!

காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மதியம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன் வருகிறது. “சார், ஆயில் லெவல் ரொம்ப இறங்கியிருக்கு. டேப்பட் கவர் ஓரத்துல கசிவும் தெரியுது. பிஸ்டன் ரிங் போயிருக்கும்னு நினைக்கிறேன். இன்ஜினைப் பிரிச்சாத்தான் தெரியும்.”

இன்ஜினைப் பிரிப்பது என்றாலே பட்ஜெட் எகிறிவிடும். லேபர், கேஸ்கட் செட், மெஷினிங், புது ஆயில் என்று பில் நீண்டுகொண்டே போகும். கார் சில நாட்கள் ஒர்க்‌ஷாப்பிலேயே கிடக்கும்.

மெக்கானிக் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், ஆயில் குறைவது, கசிவது, ஐடிலிங்கில் இன்ஜின் நடுங்குவது, சைலன்சரில் நீலப் புகை வருவது என இதே அறிகுறிகளை, கட்டைவிரல் அளவே உள்ள இன்னொரு பாகமும் உண்டாக்கும். அதன் பெயர் பி.சி.வி. வால்வு. ‘பாசிட்டிவ் கிராங்க்கேஸ் வென்டிலேஷன்’ என்பதன் சுருக்கம். தமிழில் கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வு என்று சொல்லலாம். பல சாதாரண கார்களில் இதன் விலை சில நூறு ரூபாய்தான். பெரிய செலவுக்குச் சரி என்று தலையாட்டும் முன் பார்க்க வேண்டிய இடம் இது.

சிக்கல் என்னவென்றால், பானெட்டைத் திறந்தால் இது எங்கே இருக்கு என்று பலருக்கும் தெரியாது. காரோடு கொடுக்கும் ஓனர்ஸ் மேனுவலிலும் பெரும்பாலும் இதன் படம் இருக்காது. இது என்ன செய்கிறது, எங்கே இருக்கும், கெட்டுவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிராங்க்கேஸுக்கு எதுக்குக் காற்றோட்டம்?

இன்ஜினின் மேல் பாதியில் சிலிண்டர்கள். அவற்றுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. கீழ்ப் பாதியில் கிராங்க் ஷாஃப்ட் சுழல்கிறது. அதைச் சுற்றியுள்ள கூடுதான் கிராங்க்கேஸ். அதற்கும் கீழே உள்ள சம்ப்பில்தான் இன்ஜின் ஆயில் தேங்கி நிற்கும்.

நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒன்று நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு சிலிண்டர்களும் சேர்ந்து நொடிக்கு 100 முறை எரிபொருளை எரிக்கின்றன. ஒவ்வொரு முறையும் உண்டாகும் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைப்பதுதான் பிஸ்டன் ரிங்குகளின் வேலை. ஆனால், எவ்வளவு புது இன்ஜினாக இருந்தாலும் ரிங் நூறு சதவீதம் அடைக்காது. கொஞ்சம் வாயு அதைத் தாண்டி கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். இதை மெக்கானிக்குகள் ‘ப்ளோ-பை’ என்பார்கள்.

இந்த வாயுவில் முழுதாக எரியாத பெட்ரோல், நீராவி, நைட்ரஜன் ஆக்ஸைடுகள் எல்லாம் கலந்திருக்கும். வெளியேற வழி இல்லையென்றால் இரண்டு கெடுதல் நடக்கும். ஒன்று, உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான ஆயில் சீல், கேஸ்கட் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். இன்னொன்று, நீராவியும் பெட்ரோலும் ஆயிலோடு கலந்து, அதைக் கெட்டியான கறுப்புச் சேறாக மாற்றும். அந்தச் சேறு ஆயில் போகும் சின்னத் துளைகளை அடைத்தால், இன்ஜினுக்கே ஆபத்து.

அதனால்தான் குக்கருக்கு வெயிட் போல, கிராங்க்கேஸுக்கும் வாயு வெளியேற ஒரு வழி தேவை.

அந்தக் காலத்தில் ரோட்டில் விட்டார்கள்

பழைய கார்களில் இதற்கு ரொம்ப எளிமையான ஏற்பாடு இருந்தது. கிராங்க்கேஸிலிருந்து ஒரு பைப் வண்டிக்கு அடியில் ரோட்டைப் பார்த்துத் தொங்கும். ‘ரோட் டிராஃப்ட் டியூப்’ என்று பெயர். கார் ஓடும்போது அடியில் பாயும் காற்று, பைப்பிலுள்ள வாயுவை உறிஞ்சி எடுக்கும். அப்படியே வெளியே விட்டுவிடும். கார் சிக்னலில் நின்றுவிட்டால் உறிஞ்சல் நின்றுவிடும். வாயு உள்ளேயே தங்கும்.

இந்த முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரப் புகைமூட்டம். 1940களிலும் 50களிலும் அந்த நகரம் கண் எரிச்சலூட்டும் பழுப்பு நிறப் புகையில் திணறியது. கால்டெக் பேராசிரியர் ஆரி ஹாகன்-ஸ்மிட், 1950களின் தொடக்கத்தில் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். கார்களும் எண்ணெய் ஆலைகளும் வெளியிடும் ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்ஸைடுகளோடு சூரிய ஒளியில் வினைபுரிந்து இந்தப் புகைமூட்டத்தை உண்டாக்குகிறது என்பதுதான் அவருடைய முடிவு. அடுத்த சில ஆண்டுகளில், அந்த ஹைட்ரோகார்பனில் கணிசமான பங்கு சைலன்சரிலிருந்து அல்ல, கிராங்க்கேஸிலிருந்து வருகிறது என்பதும் தெரிய வந்தது.

தீர்வு சுலபமாக இருந்தது. அந்த வாயுவை ரோட்டில் விடாமல், இன்ஜினே மறுபடி உறிஞ்சி எரித்துவிட்டால் என்ன? 1961-ல் கலிஃபோர்னியா மாநிலம் இதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் கட்டாயமான முதல் வாகன மாசுக் கட்டுப்பாட்டுத் தொழில்நுட்பம் இதுதான். 1964-க்குள் அந்த நாட்டில் விற்கப்பட்ட பெரும்பாலான புது கார்களில் இது வந்துவிட்டது. இன்று எல்லோருக்கும் தெரிந்த கேட்டலிடிக் கன்வர்ட்டர் அங்கே பரவலாக வந்தது 1975 மாடல் கார்களில்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள், இந்தக் குட்டி வால்வு 14 ஆண்டுகள் சீனியர்!

இந்தியாவின் பாரத் ஸ்டேஜ் விதிகளிலும் பெட்ரோல் காரின் கிராங்க்கேஸ் வாயு வெளிக்காற்றில் கலக்கக் கூடாது. உங்கள் கார் பி.எஸ்.4 ஆக இருந்தாலும், 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் அமலான பி.எஸ்.6 ஆக இருந்தாலும், இந்த ஏற்பாடு ஏதோ ஒரு வடிவில் உள்ளே இருக்கும்.

வால்வு எப்படி வேலை செய்யுது?

பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும் பாதையில் ‘த்ராட்டில்’ என்ற கதவு இருக்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும், விட்டால் மூடும். கதவு மூடியிருக்கும்போது, அதைத் தாண்டிய இன்டேக் மேனிஃபோல்டு பகுதியில் பலமான உறிஞ்சல் உண்டாகும். மெக்கானிக்குகள் ‘வாக்குவம்’ என்பது இதைத்தான். இந்த உறிஞ்சலைப் பயன்படுத்தித்தான் கிராங்க்கேஸ் வாயு வெளியே இழுக்கப்படுகிறது.

ஆனால், இங்கே ஒரு முரண் இருக்கிறது. ஐடிலிங்கில் உறிஞ்சல் அதிகம், வெளியேற்ற வேண்டிய வாயு குறைவு. ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதிக்கும்போது வாயு அதிகம், உறிஞ்சல் குறைவு. வெறும் பைப் போட்டால் ஐடிலிங்கில் தேவைக்கு மேல் காற்று போய் இன்ஜின் தடுமாறும். அதைச் சரிக்கட்டத்தான் நடுவில் வால்வு.

சாதாரண பி.சி.வி. வால்வுக்குள் ஒரு ஸ்பிரிங்கும், முன்னும் பின்னும் நகரும் ஒரு சிறு உலோகத் துண்டும் இருக்கும். நிலைமைக்கு ஏற்ப அது இப்படி நகரும்:

இன்ஜின் ஆஃப்: ஸ்பிரிங் தள்ளி, பாதையை மூடிவிடும்.

ஐடிலிங்: பலமான உறிஞ்சல் அந்தத் துண்டைக் கடைசி வரை இழுக்கும். சின்ன இடைவெளி மட்டும் இருக்கும். கொஞ்சம் வாயுதான் போகும்.

சீரான வேகம்: உறிஞ்சல் குறைவதால் துண்டு நடுவில் நிற்கும். இடைவெளி பெரிதாகும்.

முழு வேகம், ஏற்றம்: உறிஞ்சல் மிகக் குறைவு. பாதை நன்றாகத் திறந்திருக்கும். அப்படியும் மிஞ்சும் வாயு, எதிர்ப்பக்க ப்ரீதர் பைப் வழியாக ஏர் ஃபில்டர் பக்கம் திரும்பி, காற்றோடு சேர்ந்து இன்ஜினுக்குள் போய்விடும்.

இன்ஜின் ‘பேக் ஃபயர்’ அடித்தால், தீ கிராங்க்கேஸுக்குள் நுழையாதபடி வால்வு மூடிக்கொள்ளும். இது பலருக்கும் தெரியாத பாதுகாப்பு வேலை.

சரி, இது எங்கே இருக்கு?

தேடுவதற்கு முன் சில பாதுகாப்பு விஷயங்கள். காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஆஃப் செய்து, ஆற விடுங்கள். சாவியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஆஃப் ஆன பிறகும் சில கார்களில் ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுழலும். துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு, தளர்ந்த சட்டைக் கை எதுவும் வேண்டாம்.

படி 1: இன்ஜின் மேல் உள்ள பெரிய பிளாஸ்டிக் மூடியைக் கழற்றுங்கள். பல கார்களில் அது ரப்பர் பிடிகளில்தான் உட்கார்ந்திருக்கும். நேராக மேலே தூக்கினால் வந்துவிடும். சிலவற்றில் போல்ட் இருக்கும். வரவில்லை என்றால் பலம் காட்ட வேண்டாம்.

படி 2: ஆயில் ஊற்றும் மூடியைக் கண்டுபிடியுங்கள். அது பெரும்பாலும் இன்ஜினின் மேல்பக்க மூடியில் இருக்கும். அந்த மேல்மூடிதான் டேப்பட் கவர். நம் தேடல் இங்கிருந்து ஆரம்பம்.

படி 3: டேப்பட் கவரிலிருந்து கிளம்பும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பைப்களைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு இருக்கும். ஒன்று, ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து வரும் பெரிய காற்றுக் குழாயில் போய்ச் சேரும். இது ப்ரீதர் பைப், சுத்தமான காற்று உள்ளே வரும் வழி. நாம் தேடுவது இது இல்லை.

படி 4: இன்னொரு பைப் த்ராட்டிலைத் தாண்டி, இன்டேக் மேனிஃபோல்டில் போய்ச் செருகியிருக்கும். இதுதான் நமக்கு வேண்டியது. இந்தப் பைப்பின் ஏதாவது ஒரு முனையில் வால்வு இருக்கும். பெரும்பாலும் டேப்பட் கவர் பக்க முனையில், ரப்பர் வளையத்துக்குள் செருகியோ, மரை போட்டுத் திருகியோ இருக்கும்.

படி 5: டேப்பட் கவரில் கிடைக்கவில்லையா? எதிர்ப்பக்கமிருந்து தேடுங்கள். இன்டேக் மேனிஃபோல்டில் செருகியுள்ள ஒவ்வொரு பைப்பும் எங்கே போகிறது என்று விரலால் தடவிக்கொண்டே போங்கள். இன்ஜின் பிளாக்கை நோக்கிக் கீழே இறங்கும் பைப்தான் நம் ஆள். ரூல் சிம்பிள்: த்ராட்டிலுக்கு அப்பால் ஒரு முனை, இன்ஜினின் உடம்பில் மறுமுனை.

கார் மாறினால் இடமும் மாறும்

எல்லா இன்ஜினிலும் ஒரே இடத்தில் இருக்காது. பொதுவாக நான்கு வகை.

முதல் வகை, டேப்பட் கவரில் வெளியே தெரிவது. 2003 முதல் 2008 வரை இந்தியாவில் விற்ற டொயோட்டா கொரோலாவின் 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் நல்ல உதாரணம். வால்வு டேப்பட் கவரிலேயே இருக்கும். தேடவும் மாற்றவும் எளிது.

இரண்டாவது வகை, இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டில் ஒளிந்திருப்பது. ஹோண்டா சி.ஆர்-வி 2.4 லிட்டர் போன்ற இன்ஜின்களில் இன்டேக் மேனிஃபோல்டு பக்கம், பிளாக்கில் உள்ள ஒரு சிறு அறையில் வால்வு பொருத்தியிருக்கும். மேலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. டார்ச்சும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும்.

மூன்றாவது வகை, ஆயில் பிரிப்பானோடு சேர்ந்த தனிப் பெட்டி. ஸ்கோடா ஆக்டேவியா, சூப்பர்ப் கார்களில் வந்த 1.8 டி.எஸ்.ஐ. இன்ஜினில் டேப்பட் கவரின் மேல் ஒரு பிளாஸ்டிக் பெட்டி போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். அதற்குள்ளேதான் ரப்பர் சவ்வும் வால்வும். மொத்தப் பெட்டியாகத்தான் மாற்றுவார்கள்.

நான்காவது வகை, டேப்பட் கவருக்குள்ளேயே புதைந்திருப்பது. பி.எம்.டபிள்யூ.வின் என்20 இன்ஜின் இப்படி. இதில் உள்ளே உள்ள சவ்வு கிழிந்தால், பொதுவாக டேப்பட் கவரையே மாற்றச் சொல்வார்கள். ‘சில நூறு ரூபாய்’ கணக்கு மூன்றாவது, நான்காவது வகைக்குப் பொருந்தாது என்பதை மறக்க வேண்டாம்.

உங்கள் கார் எந்த வகை? ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரைக் கொடுத்து, கம்பெனி ஸ்பேர் பார்ட்ஸ் கவுன்டரில் கேளுங்கள். அவர்களின் கம்ப்யூட்டர் படத்தில் வால்வின் இடமும், பார்ட் நம்பரும், விலையும் ஒரே திரையில் தெரியும்.

இவற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம்

இன்டேக் மேனிஃபோல்டில் வேறு சில பைப்களும் செருகியிருக்கும். குழப்பமே இங்கேதான்.

பிரேக் பூஸ்டர் பைப்: கொஞ்சம் தடிமனாக, டிரைவர் முன்னால் உள்ள வட்டமான பெரிய உலோக டிரம்முக்குப் போகும். இதிலும் ஒரு வால்வு இருக்கும். இதைக் கழற்றினால் பிரேக் கட்டையாகிவிடும். கை வைக்கவே வேண்டாம்.

பர்ஜ் வால்வு: பெட்ரோல் டேங்க் ஆவியைக் கொண்டுவரும் பைப்பில் இருக்கும். அடையாளம், அதில் ஒயர் கனெக்டர் செருகியிருக்கும். சாதாரண பி.சி.வி. வால்வில் ஒயர் இருக்காது. சில கார்களில் பி.சி.வி.யிலும் ஹீட்டர் அல்லது சென்சார் ஒயர் வருவதுண்டு. சந்தேகம் வந்தால் பைப் எங்கே போகிறது என்று பாருங்கள். பின்பக்கம் டேங்க்கை நோக்கிப் போனால் அது பர்ஜ் லைன்.

இ.ஜி.ஆர். வால்வு: எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பிக் கொண்டுவருவது. உலோகப் பைப், கனமான உடம்பு. பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

கெட்டுப்போனால் என்ன ஆகும்?

வால்வு இரண்டு விதமாகக் கெடும்.

அடைத்துக்கொண்டால்: வாயு வெளியேறாது. அழுத்தம் ஏறும். டேப்பட் கவர் கேஸ்கட், கிராங்க் ஆயில் சீல் போன்ற இடங்களில் ஆயில் கசியும். சில சமயம் டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பி நிற்கும். வாயு ப்ரீதர் பைப் வழியாகப் பின்னோக்கிப் போவதால் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் படியும். ஆயில் சீக்கிரம் கறுத்துக் கெட்டியாகும்.

இங்கேதான் செலவு இரட்டிப்பாகும். கசிவைப் பார்த்து சீல் மட்டும் மாற்றுவார்கள். அழுத்தம் அப்படியே இருப்பதால் புது சீலும் கொஞ்ச நாளில் கசிய ஆரம்பிக்கும்.

திறந்தபடியே சிக்கிக்கொண்டால்: தேவைக்கு மேல் காற்று உள்ளே போகும். ஐடிலிங்கில் இன்ஜின் நடுங்கும், சில சமயம் ஆஃப் ஆகும். ‘உஸ்ஸ்’ என்று காற்று உறிஞ்சும் சத்தம் கேட்கலாம். செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் ‘பி0171’ என்ற கோடு வரலாம். எரிபொருளோடு ஒப்பிட்டால் காற்று அதிகம் என்பது அதன் அர்த்தம். வாயுவோடு ஆயிலும் உறிஞ்சப்பட்டு எரியும். வெளியே ஒரு சொட்டுக் கசிவு இல்லாமலேயே ஆயில் குறையும், நீலப் புகை வரும்.

இன்னொரு அடையாளம், ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளை, மஞ்சள் நிறத்தில் பால் போன்ற பிசுபிசுப்பு. ஊட்டி, கொடைக்கானல் குளிரில், தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காரில் நீராவி தங்கி இது உண்டாகலாம். நீண்ட தூரம் ஓட்டிய பிறகும் போகவில்லை என்றால் காற்றோட்டத்தைச் சோதியுங்கள். கூலன்ட்டும் சேர்ந்து குறைகிறது என்றால் அது ஹெட் கேஸ்கட் பிரச்னையாக இருக்கலாம். உடனே மெக்கானிக்கைப் பாருங்கள்.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள்

இவை பெரும்பாலும் முதல் வகை, அதாவது வெளியே தெரியும் வால்வுக்கானவை. இன்ஜினை ஓட்டிச் செய்யும் சோதனையை மூடிய கராஜில் செய்யவே கூடாது. கார்பன் மோனாக்ஸைடு ஆளைக் கொல்லும். பெல்ட், ஃபேன் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குலுக்கிப் பார்ப்பது: இன்ஜின் ஆஃபில் வால்வைக் கழற்றி, காதருகே வைத்துக் குலுக்குங்கள். ‘கட கட’ என்று சத்தம் வந்தால் உள்ளே துண்டு நகர்கிறது. சத்தமே இல்லையென்றால் பிசுக்கு பிடித்து ஒட்டிக்கொண்டிருக்கலாம். சத்தம் வருவதாலேயே வால்வு நல்லது என்று முடிவு கட்ட முடியாது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் சத்தம் வரும்.

விரல் வைத்துப் பார்ப்பது: வால்வை டேப்பட் கவரிலிருந்து மட்டும் எடுத்துவிட்டு, பைப்போடு இணைந்திருக்க, ஐடிலிங்கில் அதன் திறந்த முனையை விரலால் மூடுங்கள். விரலை இழுப்பது போல உறிஞ்சல் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் வால்வு அல்லது பைப் அடைத்திருக்கிறது.

பைப்பை அழுத்திப் பார்ப்பது: ஐடிலிங்கில் பி.சி.வி. பைப்பை லேசாக அழுத்தி விட்டால், வால்வுக்குள் ‘டிக்’ என்ற சத்தம் கேட்க வேண்டும். பழைய பைப் காய்ந்து முறுகியிருந்தால் இதைச் செய்யாதீர்கள், உடைந்துவிடும்.

காகிதச் சோதனை: ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திறந்து, அந்த வாய் மேல் ஒரு காகிதத்தை வையுங்கள். சற்று நேரத்தில் காகிதம் மெல்ல உள்பக்கம் இழுக்கப்பட்டால் காற்றோட்டம் சரி. காகிதத்தைத் தூக்கி எறியும் அளவுக்கு வாயு வந்தால் ஏதோ சிக்கல். சில இன்ஜின்களில் ஆயில் தெறிக்கும் என்பதால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சவ்வு வகை இன்ஜின்களில் மூடியைத் திறக்கவே முடியாத அளவுக்கு உறிஞ்சலும், விசில் சத்தமும் இருந்தால் சவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். வால்வை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. உள்ளே இருப்பது பெட்ரோல் ஆவியும் நச்சுப் படிவும்.

அப்போ ரிங்கா, வால்வா?

நேர்மையாகச் சொன்னால், இரண்டுமே இருக்கலாம். ரிங் தேய்ந்த இன்ஜினில் ப்ளோ-பை அதிகம். வால்வு நன்றாக இருந்தாலும் அத்தனை வாயுவையும் அதனால் இழுக்க முடியாது. காகிதச் சோதனையில் வாயு குபுகுபுவென்று வந்து, புது வால்வு போட்டும் குறையவில்லை என்றால், ரிங் மீது சந்தேகம் நியாயமானது.

அதை உறுதிசெய்ய இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. கம்ப்ரஷன் டெஸ்ட், லீக்-டவுன் டெஸ்ட் என்று இரண்டு சோதனைகள் உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் மீட்டரை வைத்துச் சிலிண்டர் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்குகிறது என்று அளப்பார்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட ரொம்பக் குறைவாகக் காட்டினால், அங்கே ரிங் அல்லது வால்வ் சீட்டிங் பிரச்னை இருக்கிறது. எல்லா சிலிண்டரும் மேனுவலில் சொன்ன அளவுக்கு இருந்தால், பிரிக்கும் முடிவைத் தள்ளிப் போடலாம்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் வால்வும் பைப்பும். அடுத்து கம்ப்ரஷன். அதற்குப் பிறகுதான் இன்ஜினைப் பிரிக்கும் பேச்சு.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

வால்வோடு ரப்பர் வளையத்தையும் பைப்பையும் பாருங்கள். இன்ஜின் சூட்டில் ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும். வால்வு புதிது, வளையம் பழையது என்றால் காற்றுக் கசிவு தொடரும். கிளீனர் அடித்துச் சுத்தம் செய்வது தற்காலிகத் தீர்வுதான். விலை குறைந்த வகை என்றால் புதிதாகவே மாற்றிவிடுவது நல்லது. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வேறு கார் வால்வைப் போடாதீர்கள். ஒவ்வொரு இன்ஜினுக்கும் உள்ளே ஸ்பிரிங் பலமும் துளை அளவும் வேறு. வாரண்டியில் உள்ள கார் என்றால் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே செய்துகொள்ளுங்கள்.

“பைப்பைக் கழற்றிக் கீழே தொங்க விட்டுட்டா பிரச்னை முடிஞ்சுது சார்” என்று சிலர் சொல்லக்கூடும். முடியாது. இன்டேக் பக்கத் துளையை அடைத்து, கிராங்க்கேஸ் வாயுவை வெளியே விடுவது 1950களின் டிராஃப்ட் டியூபுக்கே திரும்பிப் போவது. வாயுவை இழுத்து வெளியேற்றும் உறிஞ்சல் இல்லாததால் ஈரமும் பெட்ரோல் ஆவியும் ஆயிலில் தங்கும். ஏசியில் காற்று உள்ளே வரும் வழியாகப் பெட்ரோல் நெடி கேபினுக்குள் வரலாம். மாசு விதிக்கும் எதிரானது.

டர்போ, டீசல் கார்கள்?

டர்போ பெட்ரோல் இன்ஜினில், டர்போ காற்றை அழுத்தித் தள்ளும்போது மேனிஃபோல்டில் உறிஞ்சல் இருக்காது, அழுத்தம்தான் இருக்கும். அதனால் பொதுவாக இரண்டு வழிகள் இருக்கும். ஐடிலிங்கில் வாயு மேனிஃபோல்டுக்கு. டர்போ வேலை செய்யும்போது, டர்போவின் முன்பக்கக் காற்றுக் குழாய்க்கு. நடுவே ஒருவழி வால்வுகள் இருக்கும். அவற்றில் ஒன்று கெட்டால், டர்போ அழுத்தம் நேராகக் கிராங்க்கேஸுக்குள் பாயும். ஆயில் கசிவுக்கு இது ஒன்றே போதும்.

டீசலில் பெட்ரோல் இன்ஜின் போன்ற பலமான உறிஞ்சல் கிடையாது. சவ்வு வைத்த அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவியும் ஆயில் பிரிப்பானும் இருக்கும். பைப் டர்போவின் முன்பக்கம் போய்ச் சேரும். தேடும் முறை கிட்டத்தட்ட அதேதான். டேப்பட் கவரிலிருந்து கிளம்பும் தடித்த பைப்பைப் பின்தொடருங்கள். சி.என்.ஜி. கார்கள் அடிப்படையில் பெட்ரோல் இன்ஜின்தான் என்பதால் மேலே சொன்ன எல்லாம் அவற்றுக்கும் பொருந்தும்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. பி.சி.வி. வால்வையும் அதன் பைப்பையும் சோதித்துப் பார்த்தீர்களா?

2. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் இருக்கிறதா?

3. கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தீர்களா? ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு காட்டியது?

4. சீல் மாற்றப் போகிறீர்கள் என்றால், அது கசிந்ததற்குக் காரணம் என்ன?

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். பெரும்பாலும் பானெட்டைத் திறந்து, அந்த வால்வைக் கையில் எடுத்துக் காட்டுவார். அடுத்த ஆயில் சேஞ்சுக்குக் காரை விடும்போது, பிரச்னை எதுவும் இல்லை என்றாலும், “பி.சி.வி. வால்வை ஒருவாட்டி பார்த்துடுங்க” என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். வெளியே தெரியும் வகை என்றால் பத்து நிமிட வேலைதான்.